ஆய்வு நாள் மாமாக்கள்

மார்ச் 3

பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தது நான்தான். அது தானாகக் கட்டாகவில்லை. அதற்குப் பிறகு நீ மூன்று தடவை அடித்ததும் தெரியும். மேசை மேல் நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கே வந்துவிட்டது. எடுக்கக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை. போனில் நீ மகள் மாதிரிப் பேசுவதில்லை. "சரி, அப்புறம்?" என்கிறாய். "அப்போ யாரெல்லாம் கூட இருந்தாங்க?" என்கிறாய். முப்பத்தோரு வருஷம் போலீஸ் ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கினவன் நான். இந்த 'அப்புறம்' எனக்குப் புதிது இல்லை. கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது.

எழுதுகிறவர் கீழ்வீட்டுக்காரர். நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை எழுதி எடுக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரே கெட்ட பழக்கம், சொன்னதை எல்லாம் எழுதிவிடுவார். "இதை எழுதாதீங்க" என்றேன், அதையும் எழுதுகிறார். "சொன்னது சொன்னதுதான் அண்ணே. அடிச்சா பக்கத்துல நான் சின்னக் கையெழுத்துப் போடணும்" என்கிறார். போடட்டும். கேட்டதை வெளியே சொல்கிற ஆள் இல்லை, அது போதும்.

நீ அந்தப் பயிற்சிக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். சொந்த ஸ்டேஷன்களை எப்படி ஆய்வு செய்வது என்று அதிகாரிகளுக்கே பாடம் நடத்துகிறார்களாம் என்று சொல்லிச் சொல்லிக் கீழ்வீட்டுக்காரர் காது புளித்துவிட்டது. ஆனால் ஆய்வு நாளைப் பற்றி எனக்குத் தெரியாததையா அங்கே சொல்லித் தரப் போகிறார்கள்? வருஷத்துக்கு ஒரு தடவை, சில வருஷம் இரண்டு. மூன்று நாளைக்கு முன்னாலேயே வெள்ளையடிப்போம். வாசல் கற்களுக்குச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. உன் பள்ளிக்கூடத்திலிருந்து நாற்காலி இரவல். ஸ்டேஷன் நாயை இரண்டு தெரு தள்ளிக் கட்டிவிடுவோம், அது அங்கிருந்து ஊளையிடும். ஸ்டேஷன் அதிகாரி, நாம் மீசை ஐயா என்போமே, அவர் கைக்குட்டையால் ஜன்னல் கம்பியைத் துடைத்துப் பார்ப்பார். கைக்குட்டை கறுத்தால் எனக்கு வசவு. என் தரையில் ஒரு வருஷமும் குறை எழுதினதில்லை.

நீ கேட்ட மாமாக்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். உன் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அத்தோடு விடு.

முழங்காலுக்குத் தைலம் தடவு.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி என்றார். "இது என்ன கோர்ட்டா?" என்றும் கேட்டார். இடது பெருவிரல் ரேகை.


மார்ச் 8

அப்பாவுக்கு,

அம்மா வழிச் சொந்தம் என்றால், அம்மாவின் சாவுக்கு ஏன் ஒருவர்கூட வரவில்லை?

இப்படித் தொடங்கக் கூடாது என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். மூன்றாவதிலும் இதுவேதான் வருகிறது. இருக்கட்டும்.

இங்கே நாங்கள் இருபத்திரண்டு அதிகாரிகள். போனைத் திங்களன்று வாங்கிப் பூட்டிவிட்டு ஞாயிறு ஒரு மணி நேரம் தருகிறார்கள். பாடம் நடத்துவது சிறைத்துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. ஒல்லியாக, சத்தமே இல்லாமல் நடப்பார். எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஆய்வைக் கழிவறையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறார். உங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

முதல் நாள் கேட்டார்: "ஆய்வுக்கு வராங்கன்னு தெரிஞ்சதும் ஸ்டேஷனை விட்டு முதல்ல எது வெளியே போகும்?"

"உடைஞ்ச நாற்காலிங்க."

"காலி பாட்டில்."

"எங்க ரைட்டர், மேடம். அன்னைக்குப் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்துடும்."

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "ஆள். பதிவேட்டுல ஏறாத ஆள். அவங்களை எங்க கொண்டுபோய் வைப்பாங்க?"

இருபத்திரண்டு பேரும் அவரவர் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு சமையலறை தெரிந்தது அப்பா. ஸ்டேஷனுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, நம் வீட்டுச் சமையலறை. சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் மாமா. தொட்டிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு வாசனை. மற்றப் பிள்ளைகளுக்கு விசேஷத்துக்கு விருந்தாளி வரும், எனக்கு ஆய்வு நாளுக்கு வரும். "எனக்குப் பதினாறு மாமா" என்று வகுப்பில் பீற்றிக்கொள்வேன். கண்ணாடி மாமா இரண்டு நாள் இருந்தார். பாட்டு மாமா. வாயே திறக்காத பெரியப்பா. சைக்கிள் மாமா.

இந்த வாரம் பயிற்சிக்காக ஒரு பழைய ஆய்வு அறிக்கையைக் கொடுத்தார். பெயர்களை எல்லாம் கறுப்படித்துவிட்டார்கள், ஆனால் எந்த ஸ்டேஷன் என்று எனக்குத் தெரியாதா? தரை சுத்தமாக இருந்ததாகத் தனியாகவே ஒரு வரி இருக்கிறது. "இந்த அறிக்கையில எல்லா பதிலும் சரியா இருக்கு. என்ன தப்புன்னு சொல்லுங்க" என்றார். கூடவே ஒரு மனு. சைக்கிள் பழுது பார்ப்பவரின் மனைவி கொடுத்தது. கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. கடை வாசலில் பச்சை பெயின்ட் அடித்த டயர் தொங்கும். இடது காது மடல் கிழிந்திருக்கும். மனுவைத் தள்ளிவிட்டார்கள். காரணம்: நவம்பர் பதினான்காம் தேதி ஆய்வு அதிகாரியே நேரில் லாக்கப்பைப் பார்த்தார், காலி. நிலைய ஊழியரையும் கேட்டார், அப்படி யாரும் வரவில்லை என்றார். முப்பத்திரண்டு வருஷமாக அந்த அம்மா மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் இதையேதான் எடுத்துக் காட்டி மூடுகிறார்கள். ஆய்வு நடந்ததுதான் அவருக்கு எதிரான சாட்சி.

மனுவில் இன்னொரு வரி: "அந்த ஊழியர் காலில் என் கணவர் டயரில் வெட்டிய செருப்பு இருந்தது." ஓரத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள், டயர் செருப்பு யார் வேண்டுமானாலும் போடுவார்கள் என்று.

உங்களிடம் டயர் செருப்பு இருந்ததா அப்பா?

மூன்றாம் வகுப்பில் 'எங்கள் வீட்டு விருந்தாளி' என்று கட்டுரை எழுதினேன். சைக்கிள் மாமாவைப் பற்றித்தான். அட்டையில் கிளிப் படம் ஒட்டிய நோட்டு. ஆசிரியை ஒவ்வொரு கட்டுரைக்கும் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அது தகரப் பெட்டியில் இருக்க வேண்டும். அந்த மனிதர் அந்தத் தேதியில் உயிரோடு ஓர் இடத்தில் இருந்தார் என்று சொல்லும் தாள் வேறு எங்கும் கிடையாது. எடுத்து வையுங்கள்.

உங்கள் மகள்


மார்ச் 13

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. மாடிப்படியைக் காலையில் இரண்டு தடவை கழுவிவிட்டேன். வீட்டுக்காரி, "வாடகையில ஒண்ணும் குறைக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்" என்கிறாள்.

தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே. பதினாறு மாமா இல்லை, பதினொன்று. கண்ணாடி மாமா இரண்டு நாள் இருக்கவில்லை, ஒன்றரை நாள். அது உனக்கு முன்பல் விழுந்த வாரம். வாயே திறக்காத பெரியப்பா ஊமை இல்லை, தாடையில் அடி. பாட்டு மாமா வந்தது மழையில் தொட்டிச் சுவர் சரிந்த வருஷம். படிக்காதவனுக்குப் பதிவேடு எங்கே இருக்கும்? எனக்கு எல்லாம் இங்கேதான். ஒன்றும் அழியாது. அழிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கீழ்வீட்டுக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். "அண்ணே, சொந்தக்காரங்கன்னு போன கடிதத்துல சொன்னீங்களே" என்கிறார். எழுதுங்க ஐயா, உங்கள் வேலை எழுதுவது.

சரி. சொந்தம் இல்லை. அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்? மீசை ஐயா "வைடா" என்றால் வைப்பேன், "கொண்டுவா" என்றால் கொண்டுவருவேன். அந்த வீடு அவர் கொடுத்த வீடு. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் நாம் மூன்று பேரும் தெருவில். உன்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம். போலீஸ் வேலைக்கு நீ மனுப் போட்டபோது நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தது யார்? அவரேதான். "உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி" என்றார். இப்போது அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். சொந்த மகனையே அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்தால் மட்டும், "தொட்டியில தண்ணி ரொப்பிட்டியா?" என்கிறார். அந்த மனிதர் மேல் போய்க் கையை வைப்பாயா?

உன் மேலும்தான் கை வரும். "எந்த வீட்டுல வெச்சாங்க? அதோ அந்த அம்மா வீட்டுலதான்" என்று உன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். இந்தப் பதவி உனக்குச் சும்மா வரவில்லை.

நோட்டு இல்லை. பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாகிவிட்டது. செருப்பும் இல்லை.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி என்றார். இடது பெருவிரல் ரேகை.

குறிப்பு: ரேகை வைக்க இரண்டு முறை கையை நீட்டி இரண்டு முறையும் எடுத்துக்கொண்டார். நோட்டு இல்லை என்று சொல்லும்போது கட்டிலுக்கு அடியில் பார்த்தார். இந்தக் குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. முப்பது வருஷப் பழக்கம், மன்னிக்கவும். (கீழ்வீட்டுக்காரர்)


மார்ச் 18

அப்பாவுக்கு,

இனி அந்த மாமாவைப் பற்றிக் கேட்க மாட்டேன். இது வேறு.

நேற்று எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கு அனுப்பினார்கள். எங்கள் குழுவுக்கு நான் தலைமை. வண்டி ஏறும் வரை எந்த ஸ்டேஷன் என்று எங்களுக்கே தெரியாது. ஆனாலும் யாரோ சொல்லிவிட்டார்கள். போய் இறங்கும்போது வாசல் ஈரமாக இருந்தது, கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பதிவேடு சரி, சாவிக்கொத்து சரி, ஆயுத அறை சரி. லாக்கப் காலி. கழிவறையில் முகம் பார்க்கலாம். என்னோடு வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பலாம் என்றார்கள்.

நான் பின்பக்கம் போனேன். அங்கேயும் தண்ணீர்த் தொட்டி, அதை ஒட்டி ஒரு வீடு. ஸ்டேஷன் அதிகாரி ஓடி வந்தார். "அது ஸ்வீப்பர் குடும்பம் மேடம், அங்க என்ன இருக்கப்போகுது?" கதவைத் தட்டினேன். திறந்த பெண்ணின் கையில் கரண்டி. அவள் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்கு மாமா வந்திருக்காங்களே!" என்றாள்.

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் அப்பா.

அவர் சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான்கு நாளாம். இப்போது மருத்துவமனையில் இருக்கிறார், வீட்டுக்குத் தகவல் போய்விட்டது. ஸ்டேஷன் அதிகாரியின் வாக்குமூலத்தை அங்கேயே எழுதி எடுத்தேன். அவர் என் காதருகே வந்து, "மேடம், நீங்க வளர்ந்ததே இப்படி ஒரு வீட்டுலதான்னு கேள்விப்பட்டேன்" என்றார். நீங்கள் சொன்னது சரிதான், சிரிக்கிறார்கள்.

அந்த ஸ்வீப்பர் துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தொட்டியருகே நின்றார். "யாருங்க இவர்?" என்று கேட்டேன். தன் அதிகாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சொந்தக்காரர்மா. வீட்டுக்காரி வழியில" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி நான் அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த ஸ்வீப்பரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. உடந்தை என்று எழுதினால் வேலை, வீடு இரண்டும் போகும், அந்தச் சிறுமி தெருவில் நிற்பாள். எழுதாமல் விட்டால் அடுத்த ஆய்வுக்கு அடுத்த மாமா வருவார். நேற்றிலிருந்து பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். பயிற்சி அம்மாவிடம் கேட்டேன். "உங்களைவிட நல்லா தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அவங்களைக் கேளுங்க" என்றார்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

உங்கள் மகள்


மார்ச் 22

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைக் கீழ்வீட்டுக்காரர் மூன்று தடவை வாசித்தார். மூன்றாம் தடவை நான் கேட்கவில்லை, அவராகவே வாசித்தார்.

நோட்டு இருக்கிறது. கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டியில்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்தச் சைக்கிள்காரரைக் கொண்டுவந்தது நவம்பர் ஒன்பது, மதியம். திருட்டுச் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தாராம். திருடினது யார் என்று அவருக்கே தெரியாது. பதிவேட்டில் ஏற்றவில்லை. பன்னிரண்டாம் தேதி காலையில், பதினான்காம் தேதி ஆய்வு என்று செய்தி வந்தது. மீசை ஐயா என்னைக் கூப்பிட்டார். "விருந்தாளி ஒருத்தர் இருக்காருடா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ." எப்போதும் இப்படித்தான் சொல்வார். நானும் எப்போதும் "சரிங்கய்யா"தான்.

அவருக்குக் கால் ஊன்ற முடியவில்லை. உன் அம்மா வெந்நீர் வைத்தாள். "மாமாவுக்கு ஏம்மா கால் வீங்கியிருக்கு?" என்று நீ கேட்டாய். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டாரு" என்றாள். அப்படித்தான் அவர் சைக்கிள் மாமா ஆனார். ஓடிப்போகவில்லையா என்று நீ கேட்பாய். நான் வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொண்டு போவேன். உன் பள்ளிக்கூட நேரம் போக, உள்ளே நீங்களும்தான் இருந்தீர்கள். பூட்டினது நான். இதையும் எழுதுங்க.

பதினான்காம் தேதி காலையில் தரை முழுக்க ஈரம். என் செருப்பு அறுந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னுது போட்டுக்கங்க. எனக்கு இப்போ கால்ல நுழையாது" என்றார். டயரில் அவரே வெட்டினது. நான் போட்டுக்கொண்டு போனேன். வேறு எதுவும் தோன்றவில்லை எனக்கு. ஈரம், செருப்பு, அவ்வளவுதான்.

ஆய்வு அதிகாரி பத்து மணிக்கு வந்தார். "தரை நல்லா வெச்சிருக்கீங்களே" என்றார். அப்போது அவள் வந்தாள், சைக்கிள்காரர் மனைவி. கையில் கடைச் சாவி. ஐந்து நாளாகக் கடை திறந்து கிடக்கிறது, பூட்டிவிட்டு வந்தேன், சாவியை அவரிடம் கொடுக்க வேண்டும் என்றாள். ஆய்வு அதிகாரி திரும்பிப் பார்த்தார். மீசை ஐயா, "அப்படி யாரையும் கொண்டாரலை சார். வேணும்னா இவனைக் கேளுங்க, நாள் பூரா இங்கேயே கிடக்கிறவன்" என்றார். எனக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றார், அவர் தலையில் தடவின எண்ணெய் என் மூக்கில் ஏறியது.

"பார்த்தியாப்பா?" என்று ஆய்வு அதிகாரி கேட்டார்.

"இல்லைங்கய்யா."

அவ்வளவுதான் பாப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நான் பெருக்க ஆரம்பித்தேன்.

மதியம் ஆய்வு அதிகாரி கிளம்பின கையோடு ஜீப் பின்பக்கம் வந்தது. கதவை மீசை ஐயாவே வந்து என்னிடம் சாவி வாங்கித் திறந்தார். சைக்கிள்காரர் தன் செருப்பைத் தேடினாராம், அம்மா சொன்னாள். அது ஸ்டேஷனில் என் காலில் இருந்தது. வெறுங்காலோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். நாலு மணிக்கு ஜீப் திரும்பி வந்தது. ஜீப்பைக் கழுவுவது என் வேலை. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் டிரைவரே கழுவினார். நான் வாளியை எடுத்துக்கொண்டு போனபோது, "நீ வேணாம், போ" என்றார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். செருப்பை அன்றே எரித்துவிட்டேன், சுற்றுவட்டாரம் முழுக்க டயர் நாற்றம்.

உன் நோட்டை அம்மா இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தாள். அவளுக்குக் கொஞ்சம் படிக்கத் தெரியும். "இதுல எல்லாம் இருக்கு, கிழிச்சிடணும்" என்றாள். அதற்குள் ஆசிரியை கையெழுத்துப் போட்டுவிட்டார். பக்க எண் போட்ட நோட்டு, கிழித்தால் தெரியும். வருஷம் முடியட்டும் என்றாள். வருஷம் முடிந்தது, அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவள் போன பிறகு ஒரு நாள் நானே கிழிக்க உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு எல்லாப் பக்கமும் எறும்பு வரிசைதான். யாரையாவது வாசிக்கச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். நோட்டையே எரித்துவிடலாம் என்று அடுப்பு வரை கொண்டுபோனேன். நீ என்னைப் பற்றி எழுதின கட்டுரை ஒன்றும் அதில் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது எந்தப் பக்கம் என்றும் தெரியாது. ஒன்றை எரித்தால் மற்றதும் போய்விடும். திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன். ஆறு வருஷத்தில் நான்கு தடவை இப்படி.

நேற்றுக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். இப்படி இருக்கிறது:

"எங்கள் வீட்டு விருந்தாளி. எங்கள் வீட்டுக்குச் சைக்கிள் மாமா வந்து இருக்கிறார். அவர் கடையில் பச்சை டயர் தொங்கும். அவர் காதில் கொஞ்சம் இல்லை. நாய் கடித்தது என்றார். அவர் எனக்கு மணி அடிக்கிற மாதிரி வாயால் சத்தம் போடச் சொல்லிக் கொடுத்தார். அவர் ஜன்னல் பக்கம் வர மாட்டார். மாமாவுக்கு வெயில் பிடிக்காது. அப்பா கதவைப் பூட்டிவிட்டுப் போவார். ஏனென்றால் மாமா எங்களை விட்டுப் போய்விடக் கூடாது."

கீழே சிவப்பு மையில்: "நன்று. எழுத்து இன்னும் சீராக இருக்க வேண்டும்." நவம்பர் பதினான்கு.

வாசித்து முடித்துக் கீழ்வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த ஸ்வீப்பர். அவனை விட்டுவிடாதே பாப்பா. என்னை விட்டுவிட்டார்கள். "இல்லைங்கய்யா" என்றதும் சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எனக்கு வீடு நிலைத்தது, வேலை நிலைத்தது. முப்பத்திரண்டு வருஷமாகத் தொட்டிப் பக்கத்துச் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. அவன் பெயரை எழுது. ஆனால் அவனை எப்படிக் கேட்டாய்? அவன் அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துடைப்பத்தோடு நிற்க வைத்துக் கேட்டாய். என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். அவனைத் தனியாகக் கூப்பிடு. துடைப்பத்தை வாங்கிக் கீழே வை. ஒரு நாற்காலி கொடு. வீடு போகாது என்று எழுத்தில் கொடுக்க முடியுமானால் கொடு, முடியாவிட்டால் முடியாது என்று சொல். அதற்குப் பிறகு கேள்.

அப்படி என்னைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தையும் நோட்டையும் எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடு. இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், கீழ்வீட்டுக்காரர் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஸ்டேஷனில் எத்தனையோ வெற்றுத் தாளில் ரேகை வைத்திருக்கிறேன். இதை முழுக்கக் கேட்டுவிட்டு வைக்கிறேன்.

வாசித்துக் காட்டப்பட்டது. சரி என்றார். கையை ஒரே முறைதான் நீட்டினார். இடது பெருவிரல் ரேகை.


மார்ச் 29

அப்பாவுக்கு,

பதிவுத் தபால் வந்தது. நோட்டை நான் திறக்கவே இல்லை. உறையோடு பயிற்சி அம்மாவிடம் கொடுத்தேன், அவர் அன்றே மேலே அனுப்பினார். சைக்கிள் மாமாவின் மனைவி கொடுத்த மனுவை மறுபடி எடுத்திருக்கிறார்கள். இது என் குடும்பம் என்பதால் நான் அந்த விசாரணைப் பக்கமே வரக் கூடாது. நியாயம்தான். ஆனால் நீங்கள் தனியாகப் போக வேண்டியிருக்கும். நினைத்தால் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

அந்த ஸ்வீப்பரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினார். அவருக்கு இதுவரை ஆறு மாமா. வீட்டைப் பற்றி எழுத்தில் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை, அதை அவரிடம் சொல்லிவிட்டேன். அப்படியும் பேசினார். அவர் பெயரையும் அவர் சொன்னதையும் எழுதி நேற்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வுப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: துப்புரவுப் பணியாளரை அதிகாரி இல்லாத அறையில், உட்கார வைத்துக் கேட்க வேண்டும். ஏற்பார்களா தெரியாது. வகுப்பில் ஒருவர், "டீயும் குடுக்கணுமா மேடம்?" என்றார். கொடுக்கலாம் என்றேன்.

என்னைப் பற்றி என்ன முடிவெடுப்பார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

என்மேல் கோபமா அப்பா? எனக்கு உங்கள்மேல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஞாயிறன்று போன் செய்வேன். எடுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 19

பாப்பாவுக்கு,

போனில் இதைச் சொல்ல வரவில்லை, அதனால் கடிதம்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்குப் போனோம். மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக்காரரை உள்ளே விடவில்லை. முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்து எழுதினவர், வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தார். விசாரிக்கிற அதிகாரி உன்னைவிடச் சின்னவர். நாற்காலி போட்டார். பழக்கம் இல்லை, நுனியில்தான் உட்கார முடிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு பேரையும் சொன்னேன், தேதியோடு. மீசை ஐயாவையும் சொன்னேன். அடுத்த மாதம் அவரைப் பார்க்கப் போவேனா என்று தெரியவில்லை. போனால் தண்ணீர் ரொப்பிவிட்டேன் என்றுதான் சொல்வேன்.

பிறகு சைக்கிள்காரர் மனைவியை உள்ளே அழைத்து வந்தார்கள். கிழவியாகிவிட்டாள், நான் மட்டும் என்ன. எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஏசவில்லை. முதலில் என் காலைத்தான் பார்த்தாள். ரப்பர் செருப்புப் போட்டிருந்தேன்.

"அந்த நோட்டைப் பார்க்கலாமா?" என்று அதிகாரியைக் கேட்டாள். அவர் கொடுத்தார். வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது பாப்பா.

"நான் வாசிக்கிறேன்மா" என்றார் அதிகாரி.

"இருங்க சார். இவரு சொல்லட்டும்." நோட்டை என் பக்கம் தள்ளினாள். "எங்க இருக்காரு?"

நோட்டைத் தபாலில் போடுவதற்குள் கீழ்வீட்டுக்காரரை எத்தனை தடவை வாசிக்கச் சொல்லியிருப்பேன், எனக்கே கணக்கில்லை. இப்போது அந்தப் பக்கம் எனக்குத் தெரியும். இடது மூலையில் மை கொட்டியிருக்கும். நேராகத் திருப்பி, அந்தப் பக்கத்தை எடுத்து, மேலிருந்து இரண்டாவது வரியில் விரலை வைத்தேன்.

"இங்க" என்றேன்.

அவளும் அங்கே விரலை வைத்தாள். அவள் எடுக்கிற வரைக்கும் நானும் எடுக்கவில்லை.